பார்ட்ஸ் மாத்துறதுக்குப் பேர் ரிப்பேரா?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் என் சட்டையைப் பிடிக்காத குறை. கவிதை எழுதலாம் என்றால், இந்த மலரில் எப்படியும் இருபது கவிதை இருக்கும். அதில் பதினைந்து 'அவளை'ப் பற்றித்தான் இருக்கும். ஆகவே நான் ஒரு பழைய மாருதி 800-ஐப் பற்றி எழுதுகிறேன். அதுவும் நம்மைப் படாதபாடு படுத்தும். ஆனால் காரணத்தோடு படுத்தும்!

கார் என் பெரியப்பாவுடையது. 1997 மாடல், கார்புரேட்டர் வண்டி. பெரியப்பா ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், வீடு முடிச்சூர். பெரியம்மாவுக்கு இரண்டு வருடமாக டயாலிசிஸ். வாரத்தில் செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் வரவேண்டும். "கால் டாக்ஸி பிடிச்சுக்கலாமே பெரியப்பா" என்று நான்கூடச் சொன்னேன். "திரும்பி வர்றப்ப அவளுக்கு வாந்தி வரும்டா. நம்ம வண்டின்னா நிறுத்தி நிறுத்தி வரலாம். அடுத்தவன் வண்டியில அவ கூசிப்போறா" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை.

அந்த வண்டிதான் நிற்க ஆரம்பித்தது. வீட்டில் ஸ்டார்ட் பண்ணினால் ஒரே சொடுக்கில் எடுக்கும். முடிச்சூர் ரோடு முழுக்க ஒழுங்காக வரும். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறி, மூன்றாவது, நான்காவது கியர் போட்டு மிதித்தால் சானடோரியம் தாண்டுவதற்குள் இழுவை குறையும். மிதிக்க மிதிக்க வேகம் ஏறாது. இரண்டு குலுக்கு குலுக்கும், அணைந்துவிடும். ஓரங்கட்டிப் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும்! பின் சீட்டில் பெரியம்மா, பக்கத்தில் தண்ணி லாரி ஹார்ன்... அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள்.

பெரியப்பா சும்மா இருக்கவில்லை. முதல் ஷெட்டில் பிளக், ஹெச்.டி. ஒயர், இக்னிஷன் காயில் மாத்தினார்கள். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் நின்றது. இரண்டாவது ஷெட்டில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து புது கிட் போட்டார்கள். நின்றது. மூன்றாவது ஷெட்டில் புது பெட்ரோல் பம்ப், புது ஃபில்டர். ஒரு வாரம் நன்றாக ஓடி, பிறகு நின்றது. நான்காவது இடத்தில் போனட்டைக் திறந்து பார்த்துவிட்டு, "கம்ப்ரஷன் போயிடுச்சு சார், ரீபோர் பண்ணணும். இந்த வண்டிக்கு அது வேஸ்ட்டு" என்று சொல்லிவிட்டார்கள். கேஜ் எதுவும் வைத்துப் பார்த்ததாகப் பெரியப்பாவுக்கு ஞாபகம் இல்லை. அதுவரை ஆன செலவு ஒன்பதாயிரத்துச் சொச்சம். "புதுப்பேட்டையில எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன்டா" என்று அவர் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் ஒரு பையன் மூன்று வருஷமாக ஆட்டோமொபைல் படிக்கிறான்!

படித்து என்ன? உண்மையைச் சொல்கிறேன்... எனக்கும் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. 'என்ஜின் ஓடும்போது நின்றுபோவதற்கான காரணங்கள் யாவை?' என்று கேட்டால் பத்து மார்க்குக்கு எழுதிவிடுவேன். இடப்பக்கம் காரணம், வலப்பக்கம் நிவர்த்தி. பிளக் கெட்டுப்போதல் - மாற்றுக. காயில் பழுது - மாற்றுக. பம்ப் பழுது - மாற்றுக. யோசித்துப் பார்த்தால் அந்த மூன்று ஷெட்டும் செய்தது நம் விடைத்தாளைத்தான்! பட்டியலில் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். எந்தக் காரணம் இந்த வண்டியில் இல்லை என்று எப்படி நிரூபிப்பது? அதற்கு மார்க் கிடையாது.

நம் லேபில் இருக்கும் சீனியர் இன்ஸ்ட்ரக்டரிடம் போய் நின்றேன். அவர் தொழில் கற்றது பெருங்களத்தூர் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸில் வேலை பார்த்தவர்களிடம். (நம் ஜூனியர்கள் பலருக்கு இது தெரியாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் அங்கேதான் ஹெரால்டும், பிறகு கெஸலும், 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000-மும் தயாரானது. அந்த 2000-க்கு வெளியே ரோவர் எஸ்.டி.1-இன் அழகான உடம்பு, உள்ளே பழைய வான்கார்டு வம்சத்து 1991 சி.சி. என்ஜின். இங்கிலாந்தில் அதே உடம்புக்கு மூன்றரை லிட்டர் வி8 வரை போட்டார்கள். 1988-லேயே கதை முடிந்தது. "அதுக்குப் பவர் இல்லைன்னு பிளக் மாத்தி என்னப்பா பண்றது?" என்பார் அவர்.) நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "நின்ன இடத்துல, நின்ன நேரத்துல, யாராவது போனட்டைத் திறந்து பார்த்தாங்களா?"

இல்லை. நாலு ஷெட்டும் பார்த்தது, ஆறிப்போய் ஜம்மென்று ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருந்த வண்டியை. ஜுரம் விட்ட பிறகு டாக்டரிடம் போய் நின்ற மாதிரி!

அவர் அனுமதியோடு கம்ப்ரஷன் கேஜ், வாக்குவம் கேஜ், மல்டிமீட்டர் எல்லாம் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முடிச்சூர் போனேன். முதலில் கம்ப்ரஷன். மூன்று சிலிண்டருக்கும் இடையில் பத்து சதவீத வித்தியாசம்கூட இல்லை. ரீபோர் கதை அங்கேயே அவுட். அடுத்து மேனிஃபோல்டில் வாக்குவம் கேஜை மாட்டினேன். ஐட்லிங்கில் முள் 18 இஞ்ச் பக்கம் ஆடாமல் நின்றது. ஆக்ஸிலேட்டரை உயர்த்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன்; முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தால் சைலன்ஸர் அடைப்பு என்று சந்தேகப்படலாம். இறங்கவில்லை. இத்தனைக்கும் ஒரு ரூபாய் செலவில்லை. அரை மணி நேரம், அவ்வளவுதான்.

பிறகு பெரியப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். சானடோரியம் நெருங்கும்போது சொல்லிவைத்த மாதிரி நின்றது. சர்வீஸ் ஓரம் தள்ளி, ஓடிப்போய்ப் போனட்டைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வண்டி நின்றதற்குச் சந்தோஷப்பட்டேன்.

இப்போது நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் என்ஜின் திடீரென்று நின்றால் முதல் கேள்வி ஒன்றுதான்: போனது நெருப்பா, பெட்ரோலா? ஒரு ஸ்பேர் பிளக்கை ஒயரில் மாட்டி, உலோகத்தில் எர்த் பண்ணி, பெரியப்பாவைச் சாவி போடச் சொன்னேன். பளிச்சென்று நீல நெருப்பு. ஆக இக்னிஷன் நிரபராதி. (இந்த டெஸ்டை பெட்ரோல் ஹோஸைக் கழற்றுவதற்கு முன்னாடியே செய்துவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். கீழேயே தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். வீரம் வேண்டாம்.) காயில் சூடானதும் செத்து, ஆறினதும் பிழைப்பது உண்டு. அந்த முதல் ஷெட்காரருக்குச் சந்தேகம் வந்ததில் தப்பே இல்லை. ஆனால் காயில்தான் காரணம் என்றால், நின்ன நேரத்தில் நெருப்பு இருக்கக்கூடாது.

அடுத்து ஏர் கிளீனரைத் திறந்து, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே கையால் திராட்டிலை அசைத்தேன். ஆக்ஸிலேட்டர் பம்பிலிருந்து பெட்ரோல் பீச்சி அடிக்க வேண்டும். ஒரு சொட்டு இல்லை! மிதவை அறை காலி. பெட்ரோல் வரவில்லை என்று முடிவாகிவிட்டது. இனி அது எங்கே மாட்டிக்கொண்டது என்பதுதான் விஷயம்.

பெரியப்பா அந்தக் காலத்து ஆள். "ஏசி பம்புல ஈரத்துணி போடுடா" என்றார். அம்பாஸடர், பத்மினி வைத்திருந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தான். சூட்டில் பைப்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பால் இழுக்க முடியாது. ஈரத்துணி போட்டுக் குளிரவைத்தால் சரியாகிவிடும். போட்டுப் பார்த்தேன். பலனில்லை. டேங்க் மூடியைத் திறந்தேன். மூடியின் காற்றோட்டம் அடைத்திருந்தால் 'உஸ்ஸ்' என்று காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்கும். அதுவும் இல்லை.

என்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி, ஒரு பாட்டிலில் கொண்டுபோயிருந்த பெட்ரோலுக்குள் வேறொரு ஹோஸ் துண்டை விட்டு பம்ப்பில் மாட்டினேன். செல்ஃப் அடித்ததும் பம்ப் கொடகொடவென்று இழுத்தது. பம்ப் நல்ல பம்ப். அப்படியானால் தப்பு பம்புக்குப் பின்னால்: பைப், அல்லது டேங்க். டேங்க் மூடியைத் திறந்து வைத்து, அந்தப் பைப்பில் சைக்கிள் பம்பால் பின்னோக்கிக் காற்று அடித்தேன். (வாயை வைக்காதீர்கள். பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் பிறகு எந்த ஷெட்டிலும் சரி பண்ண முடியாது.) முதலில் அழுத்தம் தாங்கியது, பிறகு பட்டென்று விட்டுக்கொடுத்து டேங்குக்குள் குமிழி விடும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் மாட்டிக் கிளப்பினோம். பல்லாவரம் வரை காற்றாய்ப் பறந்தது வண்டி. திரும்பி வரும்போது பழைய குருடி கதவைத் திறடி!

ஆனால் இனி சந்தேகமே இல்லை. டேங்குக்குள் ஏதோ இருக்கிறது. ஓடும்போது பெட்ரோலோடு இழுபட்டுப்போய் உறிஞ்சு குழாயின் வாயை அடைக்கிறது. நின்றதும் இழுவை இல்லை, உதிர்ந்து கீழே படிகிறது. பத்து நிமிஷ ரகசியம் இதுதான். ஷெட்டில் ஏன் நிற்கவில்லை? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐட்லிங்கில் அந்தச் சின்ன என்ஜின் குடிப்பது மணிக்கு ஒரு லிட்டருக்கும் கீழே. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியை அறுபதில் ஓட்டினால் மணிக்கு நாலு லிட்டர் வேண்டும். பாதி அடைத்த வாய் ஒரு லிட்டரை விடும், நாலு லிட்டரை விடாது. புது ஃபில்டரும் பம்பும் போட்ட பிறகு ஒரு வாரம் ஓடியதற்கும் இப்போது அர்த்தம் தெரிந்தது. பைப்பைக் கழற்றி மாட்டியதில் அழுக்கு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. பாவம், அந்த ஷெட்காரர் தன் பம்ப்தான் காப்பாற்றியது என்று நம்பியிருப்பார்.

பெட்ரோலை வடித்து, டேங்கை இறக்கினோம். உள்ளே கலர் கலராகத் துருச் செதில், அடியில் சாம்பல் நிறத்தில் மண். வண்டல் மண்! பெரியப்பா அதை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். 2015 டிசம்பர். முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது அந்தக் கார் இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்றது. அப்போது ஆயில் மாத்தினார்கள், சீட்டைக் காயவைத்தார்கள், டேங்க்கில் இருந்ததை வடித்தார்கள். டேங்கைக் கழற்றிக் கழுவவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த வெள்ளம் என்றதும் எல்லாரும் 'செம்பரம்பாக்கம்' என்பார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. எங்கள் தெருவுக்குள் வந்தது ஆதனூர், மணிமங்கலம் என்று மேலே இருக்கிற ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். காரிலாகட்டும், ஊரிலாகட்டும், பேர் தெரிந்த பார்ட்ஸ் மேல்தான் முதலில் பழி விழுகிறது.

அப்புறம் அந்த ஈ20 பெட்ரோல் விவகாரம். நம் ஹாஸ்டலில் இதைப் பற்றிப் பேசாத ராத்திரி கிடையாது. பத்து சதவீத எத்தனால் கலப்பு 2022-ல் நாடு முழுக்க எட்டியாயிற்று. 2023 பிப்ரவரியில் இருபது சதவீதம் சில பங்குகளில் ஆரம்பித்து, 2025-ல் எங்கும் பரவிவிட்டது. பழைய வண்டிக்கு அது ஆகாது என்பதில் உண்மை இருக்கிறது. எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆக்ஸிஜனும் அதிலேயே இருப்பதால் கலவை மெலியும். புது வண்டியில் சென்ஸர் பார்த்து ஈ.சி.யு. சரிக்கட்டிக்கொள்ளும்; கார்புரேட்டருக்கு ஏது கண்? பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப்போகும் என்பதும் உண்மை. பெரியப்பா காரில் டேங்க் பக்கத்து ஹோஸ் கொழகொழவென்றுதான் இருந்தது, அதை மாத்தினேன். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். பத்து வருஷமாய் ஒட்டிக்கிடந்த துருவை அது இளக்கி விட்டிருக்கலாம் என்பது என் யூகம். ஆனால் நின்றதற்குக் காரணம் ஈ20 என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெட்ரோல்தான் குற்றவாளி என்றால் முடிச்சூர் ரோட்டிலும் குற்றவாளிதான், பத்து நிமிஷம் கழித்தும் குற்றவாளிதான். எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதுதான் பழுதின் வாக்குமூலம். அதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

சரி, ஷெட் அண்ணன்களைத் திட்டத்தான் இந்தக் கட்டுரையா? இல்லை. அவர்களில் இரண்டு பேரிடமாவது எனக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. விஷயம் வேறு. எல்லாம் சரியான பிறகு பெரியப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அப்ப நீ என்னத்தடா மாத்தினே?"

ஒரு முழம் ஹோஸும், ஃபில்டரும், கொஞ்சம் கிளிப்பும். நானூறு ரூபாய்கூட ஆகவில்லை. அவர் முகத்தில் ஒரு ஏமாற்றம்! "சரியா பார்த்துட்டியா?" என்கிறார். இதையே ஒரு மெக்கானிக் ஒரு நாள் முழுக்கப் பார்த்துக் கண்டுபிடித்து, "கண்டுபிடிச்ச கூலி 1500 ரூபா" என்று கேட்டிருந்தால் பெரியப்பா கொடுத்திருப்பாரா? சத்தியமாகக் கொடுத்திருக்க மாட்டார். ஆனால் தேவையில்லாத பம்புக்கு மறுபேச்சில்லாமல் கொடுத்தார், அது டப்பாவோடு கைக்கு வந்ததால். கண்டுபிடிப்பதற்கு நம் ஊரில் விலை கிடையாது. மாத்துவதற்குத்தான் விலை. அப்புறம் மெக்கானிக் ஏன் கண்டுபிடிக்கப் போகிறார்? அவருக்கும் ஷெட் வாடகை இருக்கிறது, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பெரிய சர்வீஸ் சென்டரில் மட்டும் என்ன வாழ்கிறது? இன்பிளான்ட் ட்ரெயினிங் போன நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஸ்கேனரை மாட்டுகிறார்கள், 'பி0171' என்று வருகிறது. அதற்கு அர்த்தம் கலவை மெலிந்திருக்கிறது என்பது மட்டும்தான். ஏன் மெலிந்தது? காற்றுக் கசிவா, பம்ப் வீக்கா, டேங்க்கில் வண்டலா? அதை ஸ்கேனர் சொல்லாது. ஆனால் ஆக்ஸிஜன் சென்ஸர் மாத்திவிடுகிறார்கள்! இதே மாருதி 800 நாளைக்கு ஈ.சி.யு.வோடு வந்தாலும் சானடோரியத்தில் அதே இடத்தில்தான் நிற்கும். பில் மட்டும் பெரிசாக இருக்கும்.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நமக்கு வேலை கிடைக்கலாம். கிடைக்கட்டும். ஆனால் மறைமலைநகர் ஃபோர்டில் 2022-ல் உற்பத்தி நின்றபோது வீட்டுக்கு வந்த அண்ணன்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். லைனில் ஒரே போல்ட்டை முறுக்கியவருக்கு வெளியே வந்ததும் கைகொடுப்பது எது? வண்டி நின்றால் ஏன் நின்றது என்று சொல்லத் தெரிகிற வித்தை கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். பார்ட்ஸ் மாத்த டிப்ளமோ எதற்கு? ஆறு மாதத்தில் ஷெட்டில் வேலை பார்க்கும் தம்பி நம்மைவிட வேகமாக மாத்துவான்.

ஆகவே நம் சங்கத்துக்கு என் கோரிக்கை இது. லேபில் ஓடும் என்ஜினைக் கழற்றி மாட்டும் பிராக்டிகல் நமக்குப் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது. மாசத்துக்கு ஒரு நாள், ஓடாத என்ஜின் ஒன்று வேண்டும். இன்ஸ்ட்ரக்டர் யாருக்கும் சொல்லாமல் ஒரு பழுதைச் செய்து வைக்கட்டும்: ஒரு ஒயரைக் கழற்றட்டும், ஒரு ஹோஸில் பஞ்சை அடைக்கட்டும். நாம் டெஸ்ட் பண்ணி, எது காரணமில்லை என்று முதலில் எழுதி, பிறகு காரணத்தைச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் ஸ்பேனரைத் தொட்டால் மார்க் கட்! இதற்குப் பணம் தேவையில்லை, பழைய என்ஜின் நம்மிடமே மூன்று சும்மா கிடக்கிறது. துறைத்தலைவர் மனது வைத்தால் அடுத்த செமஸ்டரிலேயே ஆரம்பிக்கலாம். செயலாளர் அவர்களே, கவிதை கேட்டீர்கள், கோரிக்கை தருகிறேன்.

பெரியம்மா இப்போது செவ்வாய், வெள்ளி அதே காரில்தான் போய் வருகிறார். சானடோரியம் வந்தால் பெரியப்பா இன்னும் ரேடியோவை அணைத்துவிட்டு என்ஜின் சத்தத்தைக் கேட்கிறாராம்.

அந்த வண்டியிலிருந்து கழற்றிப் போட்ட பழைய காயில், மூன்று பிளக், பெட்ரோல் பம்ப் எல்லாவற்றையும் பெரியப்பாவிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். நம் லேபில் மூன்றாவது பெஞ்சுக்குக் கீழே அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. பிளக் மட்டும் உண்மையிலேயே தேய்ந்தது. காயிலையும் பம்பையும் நான் டெஸ்ட் பண்ணிவிட்டேன். என்ன ரிசல்ட் என்று சொல்ல மாட்டேன். மல்டிமீட்டர் அலமாரியில் இருக்கிறது. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.